மாவட்டம் சொன்ன மரபு

தருமபுரிக்கு மேலே வத்தல்மலையில் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சியிலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்பது இவர்களின் மரபுக்கதை. இனவரைவியலாளர் தர்ஸ்டனும் 1909-இல் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

அரசுக்குக் கதை போதாது, காகிதம் வேண்டும். 1976-இல் பழங்குடிப் பட்டியல் திருத்தப்பட்டபோது, மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்கள் மட்டும் எழுதப்பட்டன. மலையாளிகள் வாழும் பர்கூர் மலை அன்று கோயம்புத்தூர் மாவட்டம்; பட்டியலில் அது இல்லை. அதே மக்கள், அதே பெயர். ஆனால் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பழங்குடிச் சான்று கிடையாது! வம்சத்தை வரைபடம் தீர்மானித்த விந்தை இது.

பட்டியலில் இருப்பவருக்கும் பாதை சுலபமில்லை. முன்பு தாசில்தார் கையெழுத்தே போதுமாக இருந்தது; 11.11.1989 முதல் கோட்டாட்சியர் தர வேண்டும். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. போலிச் சான்றுகளைத் தடுப்பது நோக்கம். அதனால் பள்ளிப் பதிவேட்டோடு சடங்கு, திருமண முறை, ஈமக்கிரியை வரை விசாரணைக்கு வந்தன. பள்ளிக்கூடமே எட்டாத தலைமுறையிடம் பள்ளிப் பதிவேட்டைக் கேட்பதில் உள்ள முரணைச் சொல்லத் தேவையில்லை.

தகரப்பெட்டியில் தாத்தாவின் பழைய சான்று கிடந்தால், கரையான் அரிப்பதற்குள் எடுத்து ஒரு நகல் போட்டு வையுங்கள்.