“ஒண்டுமில்லை” என்பது பதிலல்ல: பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழித்தால் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

வீட்டுத்திட்டம் ஒன்றைப் பற்றிய செய்திக்காகச் சில மாதங்களுக்கு முன்பு கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் நான் இருந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறு வயது மகன் ஆறு தடவை மலசலகூடத்துக்குப் போய்வந்தான். ஏழாவது தடவை அவன் எழும்பியபோது தாய் பேச்சை நிறுத்திவிட்டார்.

“மூண்டு கிழமையா இப்பிடித்தான் தங்கச்சி. பள்ளிக்கூடத்தில ரீச்சர் ஏசுறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன். சலம் சோதிச்சவை, சீனியும் பாத்தவை. ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டினம். ஒண்டுமில்லையெண்டா பிள்ளை ஏன் இப்பிடிப் போறான்?”

அயலில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். எங்கேயோ பயந்துவிட்டான், நூல் கட்டுங்கள் என்றார் இன்னொருவர். தண்ணியைக் குறையுங்கோ என்று பலர். வேண்டுமென்றே செய்கிறான், இரண்டு போட்டால் நிற்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். அக்கா தண்ணீரையும் குறைத்திருந்தார், அடித்தும் பார்த்திருந்தார். எதுவும் நிற்கவில்லை.

அவருடைய கேள்வியோடு குழந்தை நல வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவரிடம் கேட்டதும் பின்னர் தேடி வாசித்ததும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை. இது வைத்தியரின் இடத்தை நிரப்பாது. வைத்தியரிடம் போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலில் எண்ணுங்கள்

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை பகலில் 4 முதல் 7 தடவை வரை சிறுநீர் கழிப்பது வழமை. 8 அல்லது அதற்கு மேற்பட்டால் அதிகம் என்று கொள்ளலாம். ஆனால் எத்தனை தடவை என்பதைவிட எவ்வளவு போகிறது என்பதே முக்கியமான தகவல்.

ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவை எளிதாகக் கணக்கிடலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30 ஆல் பெருக்கினால் வருவது மில்லிலீற்றர். ஆறு வயதென்றால் 7 × 30 = 210 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையைவிடச் சற்று அதிகம்.

பாடசாலை இல்லாத இரண்டு நாட்களைத் தெரிவுசெய்யுங்கள். அளவு குறிக்கப்பட்ட ஒரு பழைய சாடியை எடுத்து, ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன குடித்தான், எவ்வளவு குடித்தான், இரவில் எத்தனை தடவை எழும்பினான், மலம் எப்படிப் போனது என்பவற்றையும் எழுதுங்கள். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். “அடிக்கடி போறான்” என்பதைவிட அந்தக் கொப்பியின் இரண்டு பக்கங்கள் அவருக்குக் கூடுதலாகச் சொல்லும். ஆனால் அடுத்து வரும் பகுதியில் சொல்லப்படும் அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தால் இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே போங்கள்.

காத்திருக்கக் கூடாத நோய்

அடிக்கடியும் போகிறது, ஒவ்வொரு தடவையும் நிறையவும் போகிறது, பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, இரவிலும் எழும்பிக் குடிக்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் நிறை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறது. இவை முதலாம் வகை நீரிழிவின் அடையாளங்கள். இரவில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென மீண்டும் பாயை நனைக்கத் தொடங்குவதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

நீரிழிவு பெரியவர்களின் வருத்தம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. சீனி அதிகம் தின்றதால் வருவதல்ல, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரும். இன்சுலினைச் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இரத்தத்தில் சீனி கூடும்போது அது சிறுநீரில் வழிகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம்.

எனது உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்கு இது நடந்தது. ஒன்பது வயது. வெயில்காலம் என்பதால் தாகம் என்று வீட்டில் நினைத்தார்கள். வயிற்றுக்குத்தும் வாந்தியும் வந்தபோது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மூச்சு ஆழமாக வாங்க, நினைவு மங்கிய நிலையில்தான் சீனி பார்த்தார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாட்கள் கிடந்து பிழைத்தாள். இன்று அவள் இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு நாள் முன்னரே விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்திருந்தால் அந்த நான்கு நாட்களும் வந்திருக்காது.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அறிகுறிகள் உள்ள பிள்ளைக்கு எந்த நேரத்தில் பார்த்தாலும் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு. யாராவது “நாளைக்குச் சாப்பிடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றால், “இன்றைக்கே விரலில் ஒருக்கால் பாருங்கோ” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்

கழிக்கும்போது எரிவு, அடிவயிற்று நோ, காய்ச்சல், வழமையில்லாத மணம், கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர் என்பன இருந்தால் தொற்றாக இருக்கலாம். பெண் பிள்ளைகளில் இது கூடுதலாக வரும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு, முதலில் கொஞ்சம் கழியவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். தொற்று என்று சந்தேகித்தால் கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் செய்வார்கள். அதற்கான மாதிரியைக் கொடுத்த பின்னரே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவது நல்லது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டாம். திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். ஆகவே கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

பலர் நினைத்துப் பார்க்காத காரணம் மலச்சிக்கல். குடலில் தேங்கிய மலம் முன்னாலுள்ள சிறுநீர்ப்பையை அமுக்குவதால் கொஞ்சம் சேர்ந்ததுமே பிள்ளைக்கு முட்டும். பாடசாலை மலசலகூடத்துக்குப் போக அருவருத்து மலத்தை அடக்கும் பிள்ளைகளில் இது அதிகம். மலச்சிக்கல் சரியானால் இதுவும் சரியாகும்.

தேநீரையும் பாருங்கள். நமது வீடுகளில் காலையும் மாலையும் பிள்ளைகளுக்குப் பிளேன்ரீ கொடுக்கிறோம். தேயிலையிலும் கோலா பானங்களிலும் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டும். இரண்டு கிழமை நிறுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

எல்லாம் சரி, ஆனாலும் ஓடுகிறான்

அக்காவின் மகனுக்குச் சீனி இல்லை, தொற்றும் இல்லை. அவர் எழுதிய கொப்பியில் ஒரு நாளைக்கு 31 தடவை இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவுதான். எரிவில்லை, காய்ச்சலில்லை, தாகமில்லை. இரவு படுத்தால் விடியும்வரை நித்திரை. விளையாட்டில் ஒன்றிப்போனாலும் மறந்துவிடுவான்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பொலக்கியூரியா. “அடிக்கடி” என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள், முன்னர் எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்குத் திடீரென்று வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூடப் போவார்கள். சிறுநீரகத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ கேடு வராது. பெரும்பாலும் மருந்து தேவையில்லை, கொடுத்தாலும் பெரிதாகப் பயன் தருவதில்லை. சில கிழமைகளில் அல்லது சில மாதங்களில் தானாக விட்டுவிடும். சிலருக்குப் பின்னர் ஒருமுறை திரும்பவும் வரலாம்.

ஏன் வருகிறது என்பதற்கு எல்லாப் பிள்ளைகளிலும் ஒரே காரணம் இல்லை. பல பிள்ளைகளில் அதற்குச் சற்று முன்னர் ஏதோ ஒன்று நடந்திருக்கும்: வீட்டில் ஒரு சாவு, பெற்றோரின் சண்டை, தகப்பன் வெளிநாடு போனது, புதிய பாடசாலை. பிள்ளை நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே முட்டுகிறது.

“மூன்று கிழமைக்கு முன்னர் வீட்டில் என்ன நடந்தது?” என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அவருடைய தாய் இறந்து முப்பத்தொன்று முடிந்த கிழமை அது. அம்மம்மாவோடுதான் பிள்ளை படுப்பான். கடைசி நாட்களில் அம்மம்மாவுக்குச் சலம் அடைத்து, குழாய் போட்டு வீட்டில் வைத்திருந்தார்கள். அன்றிரவு அக்கா பக்கத்தில் படுத்திருந்து மெதுவாகக் கேட்டபோது பிள்ளை சொன்னானாம்: “எனக்கும் அடைச்சா நானும் செத்துப்போவனோ?” அடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தவே அவன் திரும்பத் திரும்பப் போயிருக்கிறான்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆட்களோடு நிற்பதல்ல, குடும்பமும் சமூகமும் சேர்ந்து சுமப்பது என்று எழுதிவந்திருக்கிறார். போருக்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் போர் தெரியாது. ஆனால் சாவு நடந்த வீட்டில் பெரியவர்கள் எப்படிப் பேசாமல் இருக்கிறார்கள் என்பது தெரியும். எங்கள் வீடுகளில் அப்படிப் பேசாமல் விட்டவை நிறைய.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் மனதின் மேல் போடவும் கூடாது. சீனியும் சிறுநீரும் பார்த்த பின்னர்தான் இந்தப் பெயரைச் சொல்லலாம். போர் நடந்த இடம் என்பதற்காக “பயம்தான்” என்று பரிசோதிக்காமல் விட்டால், எனது உறவுக்காரப் பிள்ளைக்கு நடந்ததே நடக்கும்.

தண்ணீரைக் குறைக்கும் பழக்கம்

2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை, இரவில் போகப் பயம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அம்மா எங்களைத் தண்ணீர் குடிக்க விடமாட்டார். அங்கிருந்த பெண்கள் பலர் அப்படித்தான் சமாளித்தார்கள். நான் இன்றும் பயணம் போகும் நாட்களில் தண்ணீர் குடிப்பதில்லை. இப்போது தாய்மாராக இருப்பவர்களில் பலர் அந்த வரிசைகளில் நின்றவர்கள். “தண்ணியைக் குறை” என்பது எங்கள் வாயில் சட்டென்று வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அது பிள்ளைக்குத் தீங்கு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் தடித்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலம் இறுகும், தொற்று வரும். நீரிழிவுள்ள பிள்ளைக்குத் தண்ணீரை மறிப்பது ஆபத்து. 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை குடிக்கக் கொடுக்க வேண்டும். வன்னி வெயிலில் இன்னும் கூடத் தேவைப்படும்.

வீட்டிலும் பாடசாலையிலும்

ஏசவோ அடிக்கவோ வேண்டாம். ஒவ்வொரு தடவையும் “திரும்பவும் போறியா?” என்று கேட்கவும் வேண்டாம். “டொக்டர் பாத்தவர், உனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இது கொஞ்ச நாளில் நிண்டிடும்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, அதைப் பெரிதுபடுத்தாமல் விடுங்கள்.

வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். வைத்தியரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கலாம். பிள்ளையைக் கதவுக்கு அருகில் இருத்தவும், கை உயர்த்திக் கேட்காமலே போய்வர விடவும் சொல்லுங்கள். முப்பது பேருக்கு முன்னால் மறிக்கப்படும் பிள்ளைக்கு இன்னும் முட்டும். பாடசாலை மலசலகூடத்துக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தனிமையில், அமைதியாக, பிள்ளையிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டார்களா என்று. திடீர் மாற்றத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- அதிக தாகம், நிறை குறைதல், கடும் சோர்வு
- வாந்தி, வயிற்று நோ, ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசம், நினைவு மங்குதல் (நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்)
- காய்ச்சலோடு முதுகு அல்லது விலா நோ
- சிறுநீரில் இரத்தம், அல்லது முக்கி முக்கியும் சிறுநீர் போகாமை
- கால்களில் பலக்குறைவு அல்லது விறைப்பு, சிறுநீர் துளித்துளியாக ஒழுகுதல்

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைதான் போகிறான் என்றார். புதிய ரீச்சர் பரவாயில்லை என்றார். பிறகு சொன்னார்:

“என்ரை தம்பி எங்கையெண்டு கேட்டுக் கேட்டே அம்மா போட்டா. கந்தசாமி கோயிலடிப் பந்தலில இவனையும் மடியில வைச்சுக்கொண்டு இருந்தவ. அவவுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. இவன்ரை கேள்விக்காவது நான் பதில் சொல்லோணும் எண்டு நினைச்சன் தங்கச்சி.”