நீதிமன்றமும் இஸ்னாதும்

வேலூர், அணைக்கட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் நம் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலால் வீடு கட்டியவர்களும் உளர். அத்தொழிலின் கழிவுநீரால் கிணற்றை இழந்தவர்களும் உளர். இவ்விரு சாராரிலும் நம் சமுதாயத்தார் இருக்கின்றனர். ஆதலின், 1991-ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் வரலாற்றை ஒருபால் கோடாமல் படிக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர்கள் குல்தீப் சிங், பைசானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அவ்வழக்கில் தீர்ப்பளித்தனர். தீங்கு நேருமுன் காத்தல் வேண்டும் என்னும் நெறியும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘பசுமை அமர்வு’ அமையவும் வழிகோலியது. எனினும் இழப்பீட்டுப் பிணக்கு அத்துடன் முடிவுறவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள்! நீதிமுறையில் சீர்திருத்தம் வேண்டும், விரைவு வேண்டும் என மக்கள் கேட்பதில் வியப்பென்ன? அவ்விரைவைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு இன்று வழக்கறிஞரின் மேசைக்கு வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு.

அதனை வரவேற்குமுன், 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எதன்மேல் நின்றது என எண்ணிப் பார்ப்போம். தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்பது வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முடிவு. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுற்றன என்பது ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு. இவ்வெண்களுக்குப் பொறுப்பேற்க ஆள் இருந்தனர். எதிர்த்தரப்பார் அவர்களைக் கேள்வி கேட்கவும் முடிந்தது. நீதியின் உயிர்நாடி இதுவே.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘தஸ்கியா’ என்னும் தலைப்பில் ஆராய்கின்றன. சாட்சியின் வெளித்தோற்ற நேர்மையே காஜிக்குப் போதும். ஹுதூது, கிஸாஸ் வழக்குகளிலும், எதிராளி குறைகூறும் இடத்திலும் மட்டும் விசாரித்தல் வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. எல்லா வழக்குகளிலும் மறைவாகவும் வெளிப்படையாகவும் விசாரித்தாக வேண்டும் என்றனர் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்). இது காலத்தின் வேறுபாடு என்று ‘ஹிதாயா’ கூறுகிறது. பின்னோரின் கருத்துக்கே ஃபத்வாவும் வழங்கப்பட்டது. காலம் மாறி ஐயத்திற்கு இடம் பெருகப் பெருக, விசாரணையும் பெருகுதல் வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

அந்த ‘ஹிதாயா’வின் பிற்கால வரலாறும் நமக்கு ஒரு பாடம். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி கம்பெனி நீதிமன்றங்களில் மௌலவிகள் சட்டம் உரைத்தனர். அவர்களின் சொல்லை ஐயுற்ற வில்லியம் ஜோன்ஸ் போன்ற நீதிபதிகள் நூலைத் தம் மொழியிலேயே படிக்க விரும்பினர். அரபியிலிருந்து பாரசீகத்திற்கும், பாரசீகத்திலிருந்து 1791-இல் சார்லஸ் ஹாமில்டனால் ஆங்கிலத்திற்கும் ‘ஹிதாயா’ சென்றது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் மௌலவிகளை நீதிமன்றத்திலிருந்தே விலக்கிற்று. மூலத்தைக் கற்றவர் வெளியேறினார்; மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு மன்றத்தில் எஞ்சிற்று. ஐயுறுதல் தவறன்று, மூலத்தோடு ஒப்பிட வல்லாரை இழந்ததே இழப்பு.

இன்று அதே இழப்பு வேறு உருவில் வருகின்றது. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இயந்திரம் புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. இத்தகைய புனைவுகளுக்கு ஹதீஸ் கலையில் ‘மவ்ளூஉ’ என்று பெயர். சொல்லழகு குறைவற இருக்கலாம். அறிவித்தவர் எவர் எனக் கேட்டால் விடையிராது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறிமுறை, தீர்ப்புரைக்கும் பொறுப்பை இவ்வியந்திரத்திடம் விடலாகாது எனத் தடுத்துள்ளது.

கருவியை நாம் வெறுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2019-இல் மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கைக்கொண்ட பின்னர், ஆங்கிலம் அறியாதவரும் தீர்ப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு வளர்ந்து வருகின்றது, இது நற்பேறே. ஆனால் செய்தியைத் தீர விசாரித்தறியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் இட்ட கட்டளை, கருவி மாறியதால் மாறிவிடாது.

சொத்துப் பங்கீட்டிற்கோ, கிணற்று இழப்பீட்டிற்கோ, தொழிற்கூடத்தைக் காப்பதற்கோ வழக்கறிஞரை நாடும் நம் குடும்பத்தார் அவரிடம் ஒன்று கேட்கலாம்: “ஐயா, நீங்கள் எடுத்துக்காட்டும் இத்தீர்ப்பை மூலத்தில் நீங்களே படித்தீர்களா?” படித்தேன் என்று அவர் சொன்னால், அங்கே இஸ்னாதின் முதல் கண்ணி கிடைத்துவிட்டது. தயங்கினால், வழக்கு மன்றம் ஏறுமுன்னரே அதனை விசாரித்தாக வேண்டும்.