இரைப்பைப் புற்றுநோயில் உள்ளிட நீடித்த மருந்தளிப்பு

புற்றுநோய் மருந்தை உடல் முழுவதும் பரவ விடாமல், கட்டியை அகற்றிய இடத்திலோ வயிற்றறையிலோ வைத்து, சிறுகச் சிறுகக் கசியவிடும் சிகிச்சை முறை. ரத்தத்தில் ஏற்றும் மருந்து வயிற்றறை உறையை முழு வீரியத்தோடு எட்டுவதில்லை. இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறையில் உதிர்ந்த புற்றணுக்கள் அறுவைக்குப் பின்னும் முளைப்பதுண்டு. இதைத் தடுப்பதே முதன்மை நோக்கம்.

ஜப்பானில் ஹகிவாரா என்பவரின் குழுவினர் மைட்டோமைசின்-சி மருந்தை நுண்ணிய கரித்துகள்களில் ஏற்றி, அறுவையின்போது வயிற்றறைக்குள் விட்டனர். சுற்றியுள்ள திரவத்தில் மருந்து குறையக் குறைய, கரி தன்னிடம் உள்ளதை விடுவிக்கும். துகள்கள் உறையின் மேலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்குவது கூடுதல் பலன். 1992இல் 'லான்செட்' இதழில் வந்த இவர்களது ஆய்வில் நோயாளிகளின் ஆயுள் கூடியது. ஆனால் இதே முறையைச் சோதித்து 1998இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில் பயன் தெரியவில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் இறப்பும் மிகுந்ததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

சீனாவில் ஃபுளூரோயுராசில் மருந்தைக் கசியவிடும் சிறு உருளைகளை அறுவையின்போது பதிக்கின்றனர். ஒரே இடத்தில் தேங்கும் மருந்து, குடல் தையல் ஆறுவதைக் கெடுக்கக்கூடும். எனவே பதிக்கும் இடமும் அளவும் மிகுந்த கவனத்துடன் முடிவுசெய்யப்பட வேண்டும்.