கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர் எது? கப்பல் பதிவேட்டில் இருக்கும் விடை.. தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பூர்வீகம் 'மெட்ராஸ்' என்று மட்டும்தான் தெரியும். எந்த ஊர், அங்கே சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் அந்த ஊரின் பெயர் பெரும்பாலும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல், சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் 5 ஆண்டு ஒப்பந்தக் கூலி வேலை. 1911 வரை இப்படி சென்னை, கல்கத்தா துறைமுகங்கள் வழியாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். அதுதான் 'காலனியல் நம்பர்'.

பதிவேட்டில் என்ன இருக்கும்?

பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். உயரமும் உடலில் உள்ள தழும்பும்கூட இருக்கும். போட்டோ இல்லாத காலத்தில் ஆளை அடையாளம் காண அதுதான் வழி.

பெயரை வைத்துத் தேடலாமா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முனிசாமி என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் அவரே 'மூனிசாமி', 'மூன்சாமி' என்றும் இருப்பார். தவறான முனிசாமியைப் பிடித்தால், தவறான ஊருக்குப் போய் வேறு யாரையோ பங்காளி என்று கட்டிப்பிடிக்க வேண்டியதுதான்!

அதனால் முதலில் வீட்டைத் தேடுங்க. தாத்தா, பாட்டியின் பழைய பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் காலனியல் நம்பர் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பாருங்க. ஒன்றாகக் கப்பல் ஏறிய மனைவி, குழந்தை, தம்பி பெரும்பாலும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள்.

ஊர் பெயர் கிடைத்த பிறகு?

அது அந்தக் கால மாவட்டம் என்பதை மறக்கக் கூடாது. அன்றைய வட ஆற்காட்டில் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மட்டுமல்ல, ஆந்திராவின் சித்தூரும் இருந்தது. ஆனால் திருவண்ணாமலை தாலுகா அப்போது தென் ஆற்காட்டில்! ஒரே பெயரில் நாலைந்து கிராமங்கள் இருந்தால், தாலுகா பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழை எதிர்பார்க்க வேண்டாம். நாடு முழுவதும் பிறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-ல்தான் வந்தது. பழைய நிலப் பதிவேடுகளைப் பார்க்கலாம். ஆனால் கப்பல் ஏறியவர்களில் பலர் நிலம் இல்லாத கூலிகள். பட்டாவில் அவர்கள் பெயர் எப்படி வரும்?

இந்த இடத்தில் காகிதத்தைவிட குலதெய்வம் அதிகம் உதவும். டர்பன் வீட்டில் இன்றும் கும்பிடும் சாமியின் பெயரை, பதிவேட்டில் உள்ள கிராமத்தில் போய்க் கேளுங்க. அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள் யார் யார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கிருந்து விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: "உங்க வீட்டில் யாராவது கப்பல் ஏறிப் போய் திரும்பாமல் இருந்தாங்களா?"