ஆச்சி சொல்லாத வரி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். தார்சாவில் கோரைப்பாய் விரித்து எல்லோரும் உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்பா செய்யும் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபம். அதில் ஆச்சியின் குரல்தான் முன்னே போகும்; நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம்.

ஒருநாள் அந்தக் குரல் பாதியில் நின்றுவிட்டது. பிறருக்கு நாங்கள் மன்னிப்பதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று கேட்கிற இடம் அது. நாங்கள் தடுமாறி, ஒருவழியாக ஆமென் வரை போய்ச் சேர்ந்தோம். ஆச்சி அதன்பின் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அதே இடத்தில் நின்றாள். அதற்கடுத்த நாளும்.

ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய ஜெபம் இது. ஆனால் அந்தப் பாய்க்கு வந்துசேர அது நடந்த தூரம் கொஞ்சமில்லை.

அது புறப்பட்டது ஒரு வேண்டுகோளிலிருந்து. இயேசு ஜெபித்து முடித்த நேரத்தில் சீடர்களில் ஒருவர், எங்களுக்கும் ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். அவர் தருவது சின்ன வடிவம். மத்தேயு தருவது சற்று நீளமானது. மலைப்பிரசங்கத்தின் நடுவே, சொற்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள் என்ற எச்சரிக்கையை ஒட்டி வருகிறது. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'திதக்கே' என்ற சிறுநூல், இதை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு இதை வரிவரியாக விளக்கி மனப்பாடம் செய்யவைத்தார்கள். அப்படி ஆயத்தமானவர்களுக்கு ஆயர் அகுஸ்தீன் செய்த பிரசங்கங்கள் இன்றும் இருக்கின்றன.

இயேசு பேசியது அரமாயிக். சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். ஆகவே முதல் எட்டிலேயே இந்த ஜெபம் மொழி மாறிவிட்டது. ஆகாரத்தைக் கேட்கிற வரியில் 'எப்பியூசியோஸ்' என்றொரு கிரேக்கச் சொல் நிற்கிறது. வேறெங்கும் காணக் கிடைக்காத இந்தச் சொல்லைச் சுவிசேஷகர்களே உண்டாக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன் எழுதினார். இன்றைக்குரியதா, நாளைக்குரியதா, உயிர்வாழத் தேவையானதா என்று அறிஞர்கள் இன்னமும் பேசுகிறார்கள். லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் மத்தேயுவில் ஒரு சொல்லும் லூக்காவில் வேறொரு சொல்லும் போட்டார். தமிழில் அது ஆகாரம், அப்பம், உணவு என்று சபைக்குச் சபை மாறினாலும் கேட்பது அளவோடுதான். பத்தாயம் நிறையக் கேட்கச் சொல்லவில்லை.

தமிழ்க் கரைக்கு இது வந்தது மணியோசையோடு. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, பல நாள் உழைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த ஜெபம் இது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

பிறகு அது காகிதத்தில் ஏறியது. 1554ல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறுநூலில் தமிழ் ஜெபங்கள் ரோமன் எழுத்தில் வந்தன. 1578 அக்டோபர் 20ல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. பதினாறே பக்கம். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். 1715ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. கத்தோலிக்க வீடுகளில் இதற்குப் பரலோக மந்திரம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் பரமண்டல ஜெபம். பிதா என்கிறவர்கள் உண்டு, தந்தை என்கிறவர்கள் உண்டு. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் பற்றிய முடிவுரையை நாங்கள் சேர்த்துச் சொல்வோம். கத்தோலிக்கர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்கள். மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த முடிவுரை இல்லை.

தமிழுக்கு வந்ததில் இந்த ஜெபத்துக்கு ஒரு லாபமும் உண்டு. கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'நம்' என்பதற்கும் 'எங்கள்' என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படியில்லை. 'நம் அப்பா' என்றால் கேட்கிறவருக்கும் அவர் அப்பா. கடவுளைப் பார்த்தே பேசும்போது அப்படிச் சொல்ல முடியாது; 'எங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் அவர் ஒருவர், இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேர். இந்த ஜெபத்தில் 'நான்' என்ற சொல் ஒரு இடத்திலும் கிடையாது. எனக்குச் சோறு தாரும் என்று இதில் தனியாகக் கேட்க வழியே இல்லை.

ஆச்சிக்கு அது தெரிந்திருந்தது. உலை வைக்க அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்பு ஒரு பிடி எடுத்து அடுப்புக்குப் பக்கத்துப் பானையில் போடுவாள். பிடியரிசி. பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். அரிசி குறைவாக இருந்த நாட்களில் அம்மா ஆச்சியின் முகத்தைப் பார்ப்பாள். ஆச்சியின் பிடி சின்னதாகும், ஆனால் விட்டுப்போகாது. ஆகாரத்தைக் கேட்கிற வரியை அவள் ராத்திரி வாயால் சொன்னாள், காலையில் கையால் சொன்னாள்.

மன்னிப்பின் வரி அவ்வளவு லேசில் கைக்கு வரவில்லை.

அரமாயிக்கில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். மத்தேயு கடன் என்றே எழுதுகிறார். நம் பழைய வேதாகமத்திலும் கடன்தான். ஜெபம் முடிந்த கையோடு இயேசு ஒரு வரிக்கு மட்டும் திரும்பி வருகிறார். அது இந்த வரி. நீங்கள் மன்னிக்காவிட்டால் உங்களுக்கும் மன்னிப்பு இல்லை என்று அழுத்திச் சொல்கிறார். இந்த ஒரு வேண்டுதலில் மட்டும் கேட்கிறவனே தனக்கு நிபந்தனை போட்டுக்கொள்கிறான். ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்ற துறவி எழுதியிருக்கிறார்: சபையே சேர்ந்து இதைச் சொல்லும்போது சிலர் இந்த இடத்தில் மௌனமாகத் தாண்டிவிடுகிறார்களாம், தங்கள் வாயாலேயே தங்களுக்குத் தண்டனை கேட்டதாக ஆகிவிடக்கூடாதென்று. கடவுளை அப்படி ஏமாற்ற முடியாது என்கிறார் அவர்.

பல வருஷம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு ஆச்சிதான் கண்ணில் வந்தாள். ஆனால் அவள் தாண்டிப் போகவில்லை. நின்றாள்.

தாத்தாவின் தங்கைக்கும் அவளுக்கும் பனை வரிசை ஒன்றின் எல்லையில் பேச்சு முற்றி, சொல்லக்கூடாத சொற்கள் விழுந்திருந்தன. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ நான் கேட்டேன், "ஏன் ஆச்சி அதை மட்டும் சொல்ல மாட்டேங்க?"

"அவர் முன்னாடி உக்காந்து பொய் சொல்லச் சொல்லுதியா? மன்னிச்சிட்டு வந்து சொல்லுதேன்."

பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் சாயங்காலம் ஒரு ஓலைக்கொட்டானில் கருப்பட்டி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்து, இருட்டியபின் வந்தாள். கொட்டான் கையில் இல்லை. தாத்தாவின் தங்கை கூட வந்தார். இரண்டு பேரும் பாயின் ஒரே ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வரி வந்தபோது ஆச்சியின் குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. எல்லைத் தகராறு அதன்பின்னும் ஒரு வருஷம் இழுத்தது. பேச்சு அறுபடவில்லை.

இப்போது நான் ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ராத்திரி இந்த ஜெபத்தை மெதுவாகச் சொல்கிறேன். ஆகாரத்தின் வரியில், இன்று யாருக்காவது ஒரு பிடி எடுத்துவைத்தேனா என்று நிற்கிறேன். அடுத்த வரியில் சில நாள் நின்றே போய்விடுகிறேன். அறையில் நான் ஒருவன்தான். ஆனாலும் 'எங்கள்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பேசாமல் இருக்கிறவனும் அந்த எங்களுக்குள் இருக்கிறான்.