நுங்கம்பாக்கத்தில் எழுதப்படும் ஏடு

சென்னைக் கல்லூரிச் சாலையில், மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்திற்குள், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. ஏறத்தாழ 15 அடி உயரமும் 10 டன் எடையும் கொண்டது. 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் அமைத்தபோது, விண்மீன்களை நோக்கும் கருவி அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக இத்தூணை நட்டார்கள். அதில் தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருபவரும் இக்கூடம் எழுந்த காலத்தை அறியவேண்டும் என்பது பொறித்தவர்களின் எண்ணம். கம்பெனிக்கு வேண்டியிருந்ததோ கப்பல்களுக்கு வழிகாட்டும் தீர்க்கரேகைக் கணக்கும் நிலத்தை அளப்பதற்கான அடிப்படையுமே. மழையும் வெயிலும் அதன் கணக்கில் முதலிடம் பெறவில்லை.

ஆயினும் நிலைத்து நின்றது அந்த இரண்டாம் பணிதான். கூடத்தின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் காற்றழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கினார். 1813இலிருந்து நகரின் மழையளவுகள் கிடைக்கின்றன. இந்தியாவில் இவ்வளவு நீண்ட ஏடு வைத்திருக்கும் நகரங்கள் மிகச் சிலவே. விண்மீன் ஆய்வு 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்த பிறகும் வானிலைக் குறிப்பு நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. அரசுகள் மாறின, கருவிகள் மாறின, ஊரின் பெயரும் மாறியது. பதிவு தொடர்கிறது.

கோல்டிங்ஹாம் செய்த ஒரு சோதனையை நம் வாசகர்கள் விரும்பி அறிவார்கள் என்பதால் இங்கே சற்றே தங்குகிறோம். அந்நாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும், நாம் புனித தோமையார் மலை என்று போற்றும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். 1820, 1821ஆம் ஆண்டுகளில் அவர் நுங்கம்பாக்கத்திலிருந்து அந்த வெடியின் ஒளியைக் கண்ட நேரத்திற்கும் ஒலி செவியில் விழுந்த நேரத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்தார். மலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தொலைவு. ஒலி வந்துசேர ஏறத்தாழ 26 வினாடி. ஒவ்வொரு முறையும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்று வீசும் திசை ஆகியவற்றையும் உடன் எழுதினார். ஒலியின் வேகம் மாதத்திற்கு மாதம் வேறுபடுவதை இவ்வாறு காட்ட முடிந்தது. ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் அவருக்கு ஓர் எண் கிடைத்திருக்கும். மாதக்கணக்காகக் கேட்டதனால் சென்னைக் காற்றின் இயல்பே கிடைத்தது. 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் அது வெளியாயிற்று.

ஒரு கூடம் எழுதுவது ஏடு. பல கூடங்கள் ஒரே நேரத்தில் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்புவதே வலையம். இந்த வேறுபாட்டை நம் நாடு பெருந்துயரின் வழியாகவே கற்றது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்ததும் சேர்ந்தே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையைத் தோற்றுவித்தன. அடுத்த ஆண்டிலேயே தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடத் தொடங்கியது. மழை இல்லை என்பதை அளவுமானிகள் சொல்லிவிட்டன. சோறு கொடுக்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை. அளவுமானியின் எல்லை எது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

இத்துறையில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி யூஜின் லாஃபோன், 1867இல் கல்லூரிக் கட்டடத்தின் மேலே கருவிகளை வைத்து நாள்தோறும் குறிப்பெடுத்து, அவ்வாண்டுப் புயலை முன்கூட்டியே உணர்ந்து எச்சரித்தார். மணிலாவில் இயேசு சபையார் 1865இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து அருட்தந்தை ஃபெதெரிகோ ஃபௌரா 1879இல் சூறாவளி எச்சரிக்கை விடுத்தார். செபமும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடந்ததில் அவர்கள் எந்த முரணும் காணவில்லை. சென்னையில் இப்பணி அரசுப் பணியாகவே நடந்தது. எனினும் கூடத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் உதவியாளராகக் கணக்குகளைச் செய்து, பின்னர் மாகாண வானிலைப் பொறுப்பையே ஏற்றார் என்பது, பெண்களுக்கு அறிவியல் வாயில் அடைத்திருந்த அக்காலத்தை எண்ணும்போது வியப்பளிக்கிறது.

நீண்ட ஏட்டின் பயன் என்ன? 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 'இதுவரை கண்டிராத மழை' என்று ஊரே பேசியது. ஏட்டைப் புரட்டியவர்கள் 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் பெய்திருப்பதை எடுத்துக் காட்டினார்கள். மழை முன்னரும் வந்ததுண்டு. ஆனால் அது வடிந்துபோன நிலம் இன்று இல்லை என்பது அவ்விரு எண்களையும் அருகருகே வைத்தபோதுதான் தெளிவாயிற்று. தியாகராய நகர் 1920களில் நீள ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைவரை பரந்து கிடந்த நீர்நிலைக்கு இன்று மாம்பலம் கால்வாய் ஒன்றே மிச்சம். பாண்டி பசாரில் துணி வாங்கச் செல்வோரில் ஏரிப்படுகையில் நடக்கிறோம் என்று நினைப்பவர் எத்தனை பேர்!

ஆனால் ஒரே இடத்தின் ஏடு, எவ்வளவு நீண்டதாயினும், நகர் முழுமைக்கும் சான்று சொல்லாது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, தாம்பரத்தில் 49. அடையாற்றில் வந்த வெள்ளம் கோட்டூர்புரத்து வீடுகளை மூழ்கடித்தது நுங்கம்பாக்கத்து மழையால் அன்று. மேற்கே பெய்த மழையால். 2021 டிசம்பர் 30ஆம் நாள் இதற்கு நேர்மாறாக நடந்தது. அறிவிக்கப்படாத கனமழை மயிலாப்பூர், எம்.ஆர்.சி. நகர்ப் பகுதிகளில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. வேலை முடிந்து வீடு திரும்பியோர் நள்ளிரவுவரை சாலையில் நின்றனர். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் டாப்ளர் ராடார் உண்டு. மேகம் எங்கே என்று அது காட்டும். ஆயினும் கரையோரத்தில் திடீரெனத் திரளும் மழையை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமே. அடுத்த மாதமே, 2022 சனவரியில், பள்ளிக்கரணையில் மற்றொரு ராடார் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மழையை அளக்க இருநூறாண்டு எடுத்துக்கொண்ட நாம், மூச்சுக் காற்றை அளக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1978இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இப்பணியைத் தொடங்கியது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. பின்னர் தேசிய வலையத்தின் நிலையங்கள் வடக்கே மணலி, திருவொற்றியூரிலும் தெற்கே தியாகராய நகர், அடையாறு போன்ற இடங்களிலும் இடம்பெற்றன. அங்கு நடப்பது எளிய வேலை. எடைபோட்ட வடிதாள் ஒன்றின் வழியே நாள் முழுவதும் காற்றை இழுத்து, மீண்டும் எடைபோடுவார்கள். கூடிய எடையே தூசி. வாரத்திற்கு இருமுறை, ஆண்டுக்கு 104 நாள் என்பது விதி. எஞ்சிய 261 நாளில் நாம் எதைச் சுவாசித்தோம் என்று அத்தாள் சொல்லாது. இக்குறையை நீக்கவே ஆலந்தூர், வேளச்சேரி, மணலி முதலிய இடங்களில் இடைவிடாது அளக்கும் தானியங்கி நிலையங்கள் நிறுவப்பட்டன. 2009இல் திருத்தப்பட்ட விதிப்படி, நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும் நுண்தூசி ஒரு நாளின் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. போகியன்று விடியலில் இந்த எல்லை என்னாகிறது என்பதைப் பழைய பாயும் டயரும் எரிக்கும் தெருவில் வாழ்பவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின.

அண்ணா சாலையில் மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகமும் பல்லாண்டுகள் நுண்தூசியை அளந்து மணிக்கு மணி வெளியிட்டு வந்தது. மயிலைக்கும் தியாகராய நகருக்கும் அருகில் இருந்த நல்ல அளவுமானி அது. 2025 மார்ச்சில் அந்நாட்டு வெளியுறவுத் துறை, நிதியைக் காரணம் காட்டி, உலகெங்கும் தன் தூதரகங்களின் காற்றுத் தரவுகளைப் பகிர்வதை நிறுத்தியது. அயலார் வைத்த விளக்கு அயலார் விருப்பப்படி அணைந்தது. அதில் குறைகூற நமக்கு உரிமை குறைவு. நம் விளக்கை நாமே ஏற்றியிருக்க வேண்டும்.

வலையத்தைத் திட்டமிடுவோர் முன்னுள்ள கேள்விகள் கருவியின் விலையோடு முடிவதில்லை. மழைமானியைச் சுற்றியுள்ள சுவரும் மரமும் தம் உயரத்தைப் போல் இருமடங்கேனும் தள்ளி இருக்கவேண்டும். அடுக்குமாடிகள் நெருங்கிய தியாகராய நகரில் அத்தகைய வெற்றிடம் பள்ளி மைதானங்களிலும் கோயில், தேவாலய வளாகங்களிலுமே எஞ்சியிருக்கிறது. காற்றுமானியைப் பூங்காவின் நடுவில் வைத்தால் எண் இனிமையாக வரும். பேருந்து நிறுத்தத்தில் வைத்தால் கசப்பாக வரும். பூக்கடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பெண்ணின் மூச்சு எந்த எண்ணில் அடங்கும்? பட்டினப்பாக்கத்து மீனவர் குடியிருப்புக்குக் கடற்காற்று வருவதால் அங்கே அளக்கத் தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? மேலும், பழைய நிலையத்தை மூடிப் புதியதைத் திறக்கும்போது இரண்டையும் ஓராண்டேனும் உடனிருந்து ஓடவிட வேண்டும். இல்லையேல் மாறியது வானமா, இடமா என்று பின்வருவோர் பிரித்தறிய இயலாது. மீனம்பாக்கத்தில் கோடை வெயில் நுங்கம்பாக்கத்தைவிடப் பெரும்பாலும் சற்றே கூடுதலாயிருப்பது கடற்காற்று அங்கே தாமதமாகச் சென்று சேர்வதால்தான். இரண்டும் நெடுங்காலம் அருகருகே எழுதப்பட்டு வருவதாலேயே இதை நாம் அறிவோம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் கோல்டிங்ஹாமின் குறிப்புகளிலிருந்து தொடங்கி, 1796 முதல் சென்னையின் காற்றழுத்தத் தொடரை மீட்டமைத்தனர். பசிபிக் பெருங்கடலின் வெப்ப ஊசலாட்டத்தோடு நம் பருவமழைக்குள்ள உறவை ஆராய்வோர்க்கு அது இன்று பயன்படுகிறது. அவர் எழுதியபோது அந்த ஊசலாட்டத்திற்குப் பெயரே கிடையாது.