கட்டற்ற தொகுப்பானின் கதை

மனிதர் எழுதும் நிரலைக் கணினி நேராக விளங்கிக்கொள்வதில்லை. எழுத்தும் சொல்லுமாக அமைந்த மூலநிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தருவதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். கம்பைலர் என்றும் தமிழிலே தொகுப்பான் என்றும் வழங்கும் நிரலே அம்மொழிபெயர்ப்பாளன். ஆதலால் தொகுப்பானைத் தம் பிடியில் வைத்திருப்போர், நிரல் எழுதும் அனைவரையும் ஓரளவு தம் பிடியில் வைத்திருப்போராவர். அந்நிலையை மாற்ற எழுந்த முயற்சியே க்னூ தொகுப்பானின் வரலாறு.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய றிச்சட் ஸ்டோல்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் கூடிய முழுமையான இயக்கமுறைமை ஒன்றை ஆக்கப்போவதாக 1983 செப்ரெம்பரில் அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். தாம் எழுதுவனவற்றுக்கு நிறுவகம் உரிமை கோரலாகாது எனக் கருதி, 1984 சனவரியில் அவர் பதவியினின்றும் விலகினார்.

தொகுப்பான் இன்றி ஏனைய பகுதிகளை ஆக்குதல் அரிது. ஆம்ஸ்டர்டாம் நகரின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் உருவான தொகுப்பான் ஒன்றைப் பயன்படுத்தலாமோ என ஸ்டோல்மன் அதனை ஆக்கியவரிடம் வினவினார். பல்கலைக்கழகந்தான் சுதந்திரமுடையது, தொகுப்பான் அன்று என்னும் கருத்துப்பட ஏளனமாக விடை வந்ததென அவரே பின்னர் எழுதியுள்ளார். அடுத்து லிவமோர் ஆய்வுகூடத்தின் பஸ்ரெல் என்னும் தொகுப்பானை எடுத்துத் திருத்த முற்பட்டார். அது முழுக் கோப்பையும் ஒருங்கே நினைவகத்தில் ஏற்றிப் பணிசெய்யும் இயல்பினது. பல மெகாபைற்று அடுக்கு நினைவகம் அதற்கு வேண்டியிருந்தது. மோட்டறோலா 68000 பொறியின் யுனிக்ஸ் முறைமையோ 64 கிலோபைற்று மாத்திரமே தந்தது. ஆகவே புதிய தொகுப்பானை அடியிலிருந்தே எழுதத் தொடங்கினார். அது 1987 மார்ச்சிற் சோதனைப் பதிப்பாகவும், மே மாதம் முதலாம் பதிப்பாகவும் வெளிவந்தது.

தொகுப்பானின் சிறு பிழை, அதனூடே செல்லும் எல்லா நிரல்களையும் கெடுக்கவல்லது. எனவே இதனைச் சோதிக்கும் முறை கடுமையானது. முதலில், ஏற்கெனவே உள்ள வேறொரு தொகுப்பானாற் புதியது ஆக்கப்படும். அவ்வாறு பிறந்தது தன் மூலநிரலைத் தானே மீண்டும் மொழிபெயர்க்கும். அதில் விளைந்தது மூன்றாம் முறையும் அதே மூலநிரலை மொழிபெயர்க்கும். இரண்டாம், மூன்றாம் விளைவுகள் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபடின் எங்கோ பிழை உளது என்பது தெளிவு. அன்றியும், கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளை வெளிப்படுத்தும் சிறு நிரல்கள் சோதனைத் தொகுதியிற் சேர்க்கப்படுகின்றன. ஒருமுறை திருத்திய தவறு மீண்டும் தலைகாட்டாமற் காப்பது அத்தொகுதி.

சோதனை நிரலைக் காத்தது. அதன் சுதந்திரத்தைக் காத்தது உரிமம். தொகுப்பானைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தங்களின் மூலநிரலையும் அதே நிபந்தனையுடன் வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். தனித்தனியே இருந்த இத்தகைய உரிமங்கள் 1989இல் க்னூ பொது உரிமமாக ஒன்றாயின. தொகுப்பானாற் பிறக்கும் நிரல்களை இந்நிபந்தனை கட்டுப்படுத்தாதவாறு தனி விதிவிலக்கும் வகுக்கப்பட்டது.

உரிமத்தின் வலிமை விரைவில் பரீட்சிக்கப்பட்டது. ஸ்டீவ் ஜொப்ஸ் தோற்றுவித்த நெக்ஸ்ற் நிறுவனம் ஒப்ஜெக்டிவ்-சீ மொழிக்கான பகுதியை இத்தொகுப்பானுடன் இணைத்தது. அப்பகுதியின் மூலநிரலை மறைத்து, பொறிமொழிக் கோப்புகளை மாத்திரம் வழங்கிப் பயனரே அவற்றை இணைத்துக்கொள்ளச் செய்யலாம் என அந்நிறுவனம் எண்ணியது. ஸ்டோல்மன் அதற்கு இசையவில்லை. ஈற்றில் மூலநிரல் வெளியிடப்பட்டது.

எனினும், காப்பவரே தடையாவதும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் வளர்ச்சிப்பணி ஒரு சிலரின் இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தது. பலர் அனுப்பிய மேம்பாடுகள் நெடுநாட் காத்துக்கிடந்தன. மனம் சலித்தோர் 1997இல் அதே மூலநிரலைப் படியெடுத்து, ஈஜிசிஎஸ் என்னும் பெயரில், யாவரும் பங்குகொள்ளக்கூடிய கிளை ஒன்றைத் தொடங்கினர். இதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை, உரிமமே அனுமதி. கிளை மூலத்தை விஞ்சி வளர்ந்தது. ஸ்டோல்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 1999 ஏப்பிரலில் அக்கிளையையே அதிகாரபூர்வமான தொகுப்பானாக ஏற்றது. பிளவு இணைவாக முடிந்தது.

இதே காலத்தை அடுத்து மாற்றுவழி ஒன்றும் தோன்றியது. இலினோய் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய எல்எல்விஎம் திட்டம், திருத்தங்களை மறைத்துவைப்பதற்கும் இடங்கொடுக்கும் தளர்ந்த உரிமத்தை மேற்கொண்டது. நிறுவனங்கள் பல அதனை விரும்பி ஏற்றன. எவ்வழி சிறந்தது என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆயினும் க்னூ தொகுப்பானின் வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. நெக்ஸ்ற் நிறுவனம் மூலநிரலைப் பூட்டிவைக்க முயன்றபோது பொதுமக்களின் உரிமையைக் காத்த அதே உரிமம், பின்னர்த் தன் பொறுப்பாளரின் தயக்கத்திலிருந்தும் அத்தொகுப்பானை மீட்டது. ஆக்கியவரையும் கட்டுப்படுத்தும் விதியே பொதுச்சொத்துக்கு உறுதியான வேலி.